இழந்த பொருளும் இழக்கக் கூடாத அமைதியும்

ஏமாற்றுவது பாவம் என்பதை எல்லா அறநூல்களும் ஒரே குரலில் கூறுகின்றன. ஆனால் ஏமாற்றப்பட்டவனின் கடமை என்ன என்ற கேள்விக்கு விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. ‘பொறுத்துக்கொள்’ என்கிறது ஒரு குரல்; ‘உன் உரிமையை விடாதே’ என்கிறது மற்றொரு குரல். இரண்டும் அறத்தின் பெயராலேயே பேசுகின்றன. இல்லறத்தில் இருந்தபடியே ஆன்மிக வாழ்வை நாடுபவர்களுக்கு இந்தக் கேள்வி இன்று அடிக்கடி எழுகிறது. ஏனெனில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே வணிகம் நடைபெறும் இணையவழிச் சந்தை அன்றாட வாழ்வின் பகுதியாகிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் குளிர்காலத்திற்காக இணையவழிச் சந்தையில் 2,400 ரூபாய்க்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்குகிறார். படத்தில் கண்டது கனத்த கம்பளி. பொட்டலத்தில் வந்ததோ மெல்லிய நைலான் துணி. விற்பனையாளருக்கு எழுதுகிறார். ‘பிரித்த பொட்டலத்தைத் திரும்ப ஏற்க இயலாது’ என்று பதில் வருகிறது. சந்தையை நடத்தும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கிறார். ‘விற்பனையாளரைக் கேளுங்கள்’ என்கிறார்கள். இரண்டு வாரங்கள் கழிகின்றன. ‘போகட்டும், போன ஜென்மத்தில் அவனுக்குப் பட்ட கடன் தீர்ந்தது’ என்று சொல்லி அவர் விட்டுவிடுகிறார். வீட்டிலுள்ளவர்கள் அவரது பெருந்தன்மையை மெச்சுகிறார்கள். ஆனால் அடுத்த ஆறு மாதங்களுக்கு, வீட்டிற்கு யார் வந்தாலும் அந்தப் போர்வையின் கதையைக் கேட்காமல் திரும்ப முடிவதில்லை.

இங்கே விடப்பட்டது எது?

வைராக்கியமா, சோர்வா?

பணத்தை அவர் விட்டார், மனத்தாங்கலை விடவில்லை. வைராக்கியம் என்பது இதற்கு நேர்மாறானது. உண்மையில் துறந்தவன் துறந்த பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதில்லை. முயன்று களைத்த மனம், தன் களைப்புக்கு ஒரு கௌரவமான பெயரைத் தேடுகிறது. ‘பற்றின்மை’ என்ற பெயர் கைக்கு எளிதில் அகப்படுகிறது. தமோ குணம் சத்துவ குணத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு வரக்கூடும் என்பதைச் சாதகன் எப்போதும் நினைவில் கொள்ள வேண்டும். இரண்டும் வெளிப்பார்வைக்கு அமைதியாகவே தோன்றும்.

‘போன ஜென்மத்துக் கடன்’ என்ற விளக்கமும் ஆராயத்தக்கது. வினைக் கோட்பாடு நிகழ்ந்துவிட்ட ஒன்றிற்குக் காரணம் கூறுகிறது. இனிச் செய்ய வேண்டியதைச் செய்யாதே என்று அது கட்டளையிடவில்லை. காய்ச்சல் வந்ததும் வினைப்பயனே. ஆயினும் எவரும் மருந்தை மறுப்பதில்லை. ஏமாற்றம் வினைப்பயன் என்றால், அதைச் சரிசெய்யும் ஆற்றலும் அதற்கான சட்டமும் ஒருவனுக்குக் கிடைத்திருப்பதும் வினைப்பயன்தானே? இழப்புக்கு மட்டும் விதியை அழைத்து, முயற்சி வேண்டிய இடத்தில் அதையே சாக்காக வைப்பது நேர்மையான தத்துவம் ஆகாது.

ஸ்ரீராமகிருஷ்ணரின் இளஞ்சீடர்களுள் ஒருவர் யோகின். பின்னாளில் சுவாமி யோகானந்தர் (1861–1899) என்று அறியப்பட்டவர். கடைக்காரரின் நேர்மையை நம்பி அவர் ஒருமுறை இரும்பு வாணலி ஒன்றை வாங்கி வந்தார். அதில் விரிசல் இருந்தது. அதை அறிந்த ஸ்ரீராமகிருஷ்ணர் அவரைக் கண்டித்தார். பக்தனாக இருப்பதற்காக ஒருவன் முட்டாளாக இருக்க வேண்டியதில்லை என்பதே அந்தக் கண்டிப்பின் சாரம். பணத்தைத் தொடவும் இயலாதிருந்த ஒரு மகான், ஒரு வாணலியின் விரிசலைப் பொருட்படுத்தினார். பொருள்மீது ஆசை கொண்டவராக அவரை எவரும் எண்ண முடியாது. ஆகவே அவர் காத்தது பொருளை அல்ல, சீடரின் விழிப்புணர்வையே என்று கொள்ள வேண்டும்.

பணம், உண்மை, பகை

ஏமாற்றப்பட்டவனின் கையில் மூன்று இருக்கின்றன: அவன் இழந்த பணம், நடந்ததைப் பற்றிய உண்மை, ஏமாற்றியவன்மீது எழும் பகை. ‘விட்டுவிடு’ என்ற ஒரே சொல்லை இம்மூன்றின் மீதும் ஒன்றாக வைப்பதால்தான் குழப்பம் விளைகிறது.

பணம் அவனுடையது. அதை விட்டுக்கொடுக்க அவனுக்கு உரிமை உண்டு. மீட்கக் கூடிய ஒன்றை மனமுவந்து விட்டால், அது தானத்திற்கு ஒப்பானது.

உண்மை அவனுக்கு மட்டும் உரியதன்று. அதே விற்பனையாளர் அதே படத்தைக் காட்டி அடுத்த வாரம் வேறொருவருக்கும் அதே துணியை அனுப்புவார். அந்த அடுத்தவர் தினக்கூலிக்காரராக இருக்கலாம். மருத்துவச் செலவுக்கு எடுத்துவைத்த பணத்தில் தம் தாய்க்குப் போர்வை வாங்குபவராக இருக்கலாம். தன் 2,400 ரூபாயை ஒருவன் மன்னிக்கலாம். பிறருடைய பணத்தை அவர்கள் சார்பில் மன்னிக்க அவனுக்கு யார் அதிகாரம் தந்தது? திருக்குறள் ‘கள்ளாமை’க்கு ஓர் அதிகாரமும் ‘பொறையுடைமை’க்கு ஓர் அதிகாரமும் தந்திருக்கிறது. ஒன்றைப் போற்றுவதற்காக மற்றொன்றைக் கைவிட வேண்டும் என்ற நிலை அங்கே இல்லை.

பகையோ எந்நிலையிலும் விட வேண்டியது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் அது தன்னை வைத்திருப்பவனையே எரிக்கும்.

பணத்தை விடலாம், உண்மையை மறைக்கலாகாது, பகையை விட்டே ஆக வேண்டும். வாழ்க்கையில் பெரும்பாலும் நேர்வது இதற்கு மாறானது. பணத்தையும் உண்மையையும் கைவிட்டு, பகையை மட்டும் மனிதன் பத்திரமாகப் பாதுகாக்கிறான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில், நல்வழியில் இல்லாதவர்களிடம் உபேட்சை கொள்ளும்படி கூறுகிறாரே, அப்படியானால் ஏமாற்றுபவனைப் பொருட்படுத்தாமல் விடுவதுதானே முறை? அந்தச் சூத்திரம் சித்தம் தெளிவடைவதற்கான வழிகளைக் கூறும் இடத்தில் அமைந்துள்ளது. மைத்ரி, கருணை, முதிதை, உபேட்சை ஆகிய நான்கும் மனத்தின் நிலைகள். தீமை செய்பவனைப் பற்றியே எண்ணி எண்ணி மனம் கலங்கக் கூடாது என்பது அதன் கருத்து. புகார் எழுதும் கையை அது கட்டிப்போடவில்லை. அந்தக் கை நடுங்காமல் எழுதவே உபேட்சை துணைசெய்கிறது.

காய்ச்சல் இல்லாத முயற்சி

கீதையின் 3-ஆம் அத்தியாயம் செயலை விடும்படி கூறவில்லை; செயலின்போது உள்ளத்தில் எரியும் காய்ச்சலையே விடும்படி கூறுகிறது. இதை ஒரு போர்வையின் விஷயத்திலும் கடைப்பிடிக்க முடியும்.

வாங்கிய பொருளைத் திருப்பித் தருவது இந்த மண்ணுக்குப் புதிய கருத்தன்று. விற்றதையோ வாங்கியதையோ குறித்து மனம் மாறினால் அதை மாற்றிக்கொள்ள, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் மூன்றாம் அதிகரணத்தில் கால வரம்பு விதித்துள்ளது. வணிகர்களுக்கு ஓர் இரவு, உழவர்களுக்கு மூன்று இரவுகள், ஆநிரை காப்போருக்கு ஐந்து இரவுகள். இன்றைய இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2020 ஜூலையில் வெளியான இணைய வணிக விதிகளும் இந்தப் பொறுப்பை ஏற்றுள்ளன. பொருள் குறைபாடு உடையதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாததாகவோ இருந்தால், அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. சந்தையை நடத்தும் நிறுவனம் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் அவர் அதற்கு ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்திற்குள் குறையைத் தீர்க்க வேண்டும். எனவே ‘விற்பனையாளரைக் கேளுங்கள்’ என்பது முடிவான பதில் ஆகாது.

அங்கும் வழி பிறக்கவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் உதவுகிறது. கார்டு மூலம் பணம் செலுத்தியவர், அந்தப் பரிவர்த்தனையைக் குறித்துத் தம் வங்கியிடமே முறையிடலாம். இறுதியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பது வரம்பு.

இந்த வழியில் செல்பவனுக்கு ஒவ்வொரு படியும் ஒரு சாதனையாக அமைய முடியும். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வைப்பதும், ரசீதையும் விளம்பரத்தையும் கடிதங்களையும் தேதி வாரியாகத் தொகுப்பதும் விழிப்புணர்வுப் பயிற்சி. நடந்ததை மிகைப்படுத்தாமல் எழுதுவது சத்தியப் பயிற்சி. தொலைபேசியில் பதில் கூறும் இளைஞரிடம் குரலை உயர்த்தாமல் பேசுவது அகிம்சைப் பயிற்சி. அந்த இளைஞர் எவரையும் ஏமாற்றவில்லை. ஒரு நாளில் நூறு பேருடைய கோபத்தைச் சம்பளத்திற்காகக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர்.

பற்று நுழையும் வாசல்

அமைதி இழந்தவனுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. பணம் எப்படியாவது திரும்பி வர வேண்டும் என்ற பதற்றத்தில், நிறுவனத்தின் சேவை எண்ணை இணையத்தில் தேடுகிறான். மோசடிக்காரர்கள் இட்டு வைத்த போலி எண் கண்ணில் படுகிறது. எதிர்முனையில் இருப்பவர் மிகுந்த பணிவுடன் பேசுகிறார். பணத்தை உடனே திருப்பி அனுப்புவதாகக் கூறி, ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறார், அல்லது யு.பி.ஐ. ரகசிய எண்ணை அழுத்தச் சொல்கிறார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதுவும் தேவையில்லை என்பதை அவன் அமைதியாக இருந்திருந்தால் நினைவுகூர்ந்திருப்பான். 2,400 ரூபாயை மீட்கச் சென்றவன் சேமிப்பு முழுவதையும் இழக்கிறான். அப்படி நேர்ந்தால், கணமும் தாமதியாமல் தன் வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பற்றே புத்தியை மறைக்கிறது என்று சாஸ்திரங்கள் கூறுவது வெறும் ஏட்டுக் கருத்தன்று. முதல் முறை திருடன் மனிதனின் நம்பிக்கை வழியே நுழைந்தான். இரண்டாம் முறை நுழைவது அவனுடைய பதற்றத்தின் வழியே.

கேட்பவனுக்கும் உண்டு கள்ளாமை

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாகியன் அறவியலின் ஐந்தாம் நூலில் சரிசெய்யும் நீதியைப் பற்றிப் பேசுகிறார். ஒருவன் முறையின்றிப் பெற்றதை அவனிடமிருந்து எடுத்து, இழந்தவனிடம் சேர்த்து, இருவருக்கும் இடையே குலைந்த சமநிலையை மீண்டும் நிறுவுவதே நீதிபதியின் பணி. எடுக்கப்படும் அளவு இழந்த அளவே. பழிவாங்குவதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

எனவே திரும்பக் கேட்பவனையும் கள்ளாமை கட்டுப்படுத்துகிறது. சட்டம் உண்மையான அலைச்சலுக்கும் மனவேதனைக்கும் இழப்பீடு கேட்க அனுமதிக்கிறது. படாத வேதனையைப் பட்டதாக எழுதுவது மனு வடிவில் நிகழும் திருட்டு. திருமணத்திற்கு உடுத்திய பட்டுப்புடவையை மறுநாள் ‘அளவு சரியில்லை’ என்று திருப்பி அனுப்புவதும், சரியான பொருளைப் பெற்றுக்கொண்டு வரவில்லை என்று பணம் கேட்பதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஒரு சிறு விற்பனையாளர் அதனால் இழப்பது தம் வீட்டின் ஒரு நாள் உணவாக இருக்கக்கூடும். ‘பெரிய நிறுவனம்தானே தருகிறது’ என்ற சமாதானம், கம்பளிக்குப் பதில் நைலான் அனுப்பியவரின் மனத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருந்திருக்கும்.

பணத்தைத் திரும்பக் கேட்பது ஏமாற்றியவருக்கும் நன்மையே. மனு ஸ்மிருதியின் 11-ஆம் அத்தியாயம் திருட்டுக்குப் பிராயச்சித்தம் கூறும்போது, எடுத்த பொருளை உரியவரிடம் திருப்பித் தருவதையும் சேர்த்தே விதிக்கிறது. கேட்பவரே இல்லாவிட்டால் தருவதற்கு வாய்ப்பு ஏது? ஏமாற்றியவன்மீது பகை இல்லாதவன் அவனை மேலும் பாவம் செய்ய விடமாட்டான். தடுப்பதும் கருணையின் ஒரு வடிவமே.

முயற்சிக்குப் பின் விடுதல்

எல்லாம் செய்தும் பணம் வராமல் போகலாம். விற்பனையாளர் பெயரை மாற்றிக்கொண்டு மறைந்திருக்கலாம். வழக்கு நீண்டு, செலவிடும் காலம் இழப்பின் மதிப்பை மீறலாம். ஓர் எல்லையில் நிறுத்திக்கொள்வதும் விவேகமே. அந்த எல்லை எங்கே என்பதைக் கோபமோ சலிப்போ தீர்மானிக்கலாகாது. பிற கடமைகளை எடைபோட்டு அறிவு தீர்மானிக்க வேண்டும்.

முயலாமல் விடுபவனும் முயன்றபின் விடுபவனும் இழந்த தொகை ஒன்றே. முதலாமவனிடம் ‘கேட்டிருக்கலாமோ’ என்ற ஐயம் தங்குகிறது. இரண்டாமவன் நடந்ததைப் பதிவுசெய்துவிட்டான். அடுத்தவர் எச்சரிக்கை பெறுவதற்குத் தன்னால் இயன்றதைச் செய்துவிட்டான். செயல் அவனுடையது, பயன் அவன் கையில் இல்லை. இப்போது அவன் ‘போகட்டும்’ என்று சொன்னால் அந்தச் சொல்லில் கனம் இருக்கும். அதன்பின் வீட்டிற்கு வரும் விருந்தினரிடம் பேச அவனுக்கு வேறு நல்ல விஷயங்கள் இருக்கும்.