மன்னன் புகழும் மக்கள் அறமும்

ஆண்ட அரசர் பலர். அன்போடு நினைக்கப்படுவோர் சிலர். களம் வென்றவனை ஏடுகள் நினைவிற் கொள்கின்றன; புகலிடம் அளித்தவனையோ மக்கள் நெஞ்சமே நினைவிற் கொள்கின்றது. அக்கரைப்பற்று முதலாய கீழைக்கரை ஊர்களின் வரலாறு பேசப்படும்போது கண்டி மன்னன் செனரத்தின் பெயர் நன்றியோடு எடுத்துரைக்கப்படுவது இதற்குச் சான்றாகும். அந்நன்றி யாருக்கு உரியது? அது எத்தகைய கடமையை விதிக்கின்றது? ஆராயத்தக்க வினாக்கள் இவை.

செனரத் 1604 முதல் 1635 வரை ஆண்டவன். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களைத் தன் நாட்டுள் ஏற்ற மன்னன், சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்திற் குடியமர்த்தினான் என்பர் வரலாற்றாசிரியர். மன்னன் பௌத்தன், வந்தோர் முஸ்லிம்கள், அவர்தம் அயலவராய் அமைந்தோர் தமிழர்.

இஃது அருளன்று, அரசியல் சூழ்ச்சியே என வாதிடுவோர் உளர். முஸ்லிம்களின் வணிகத் திறன் கண்டிக்குப் பயன்பட்டது. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை எழுப்பியதை நோக்கின், அக்கரையில் அவர்தம் பகைவரைக் குடியேற்றியதன் பயனும் புலப்படும். இவ்வாதத்தை முற்றாக மறுத்தல் இயலாது. ஆயினும், கொடுப்போன் உள்ளத்தை அளக்கும் கோல் வேறு. கொடையின் மதிப்பை அளக்கும் கோல் வேறு. மன்னன் பெறத்தக்க புகழை அவன் நோக்கம் குறைக்கலாம்; வீடிழந்தவன் பெற்ற கூரையின் நிழலை அது குறைப்பதில்லை.

மேலும், அரசாணை நிலத்தை அளிக்கலாம். அயலவனை அளிக்க அதனால் இயலாது. வயலும் வாய்க்காலும் அடுத்தடுத்து அமைந்த மண்ணிற் சேர்ந்து வாழ்தல் மக்களாலேயே கூடும். தாய்வழிக் ‘குடி’ முறைமை இப்பகுதித் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாய் விளங்குதல், அவ்வாழ்வின் ஆழத்தைக் காட்டும்.

டென்மார்க்கின் பத்தாம் கிறிஸ்டியன் வரலாறும் இதனையே உணர்த்தும். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது காவலரின்றிக் குதிரையேறித் தலைநகர் வீதிகளில் உலாவந்தமையால் மக்கள் அன்பைப் பெற்றவன் அவன். யூதர்க்காக அவன் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தான் என்னும் கதை உலகெங்கும் பரவிற்று. ஆயின் அங்கு அச்சின்னம் விதிக்கப்படவுமில்லை. அவன் அதனை அணியவுமில்லை. 1943இல் 7,000க்கும் மேற்பட்ட யூதரைச் சுவீடனுக்குக் கடல் கடத்திக் காத்தோர் மீனவரும் மருத்துவரும் பிற பொதுமக்களுமேயாவர். மக்கள் தம் அறத்தைத் தாம் விரும்பிய மன்னனுக்குச் சூட்டி மகிழ்ந்தனர்.

எனவே, மன்னனைப் போற்றுதல் தவறன்று. போற்றுதலோடு அமைதலே தவறு. 1990இல் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். கிழக்கிலும் போர்க்காலத்திற் தமிழரும் முஸ்லிம்களும் ஊரிழந்து அலைந்தனர். 1626இன் துயரம் வேறு வடிவில் மீண்டபோது, செனரத் இலன், அயலவரே இருந்தனர். அவருட் சிலர் கதவைத் திறந்தனர், சிலர் அடைத்தனர்.

நன்றி என்பது இறந்த மன்னனுக்குச் செலுத்தும் திறையன்று. முன்னோர் பெற்ற அடைக்கலத்தைப் பின்னோர் பிறர்க்கு அளித்தலே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும். வந்தவன் எம்மதத்தான், எம்மொழியான் என வினவாது கதவு திறக்கப்படும் வாயிலிலேதான் செனரத்தின் புகழ் நிலைபெறும்.