தோட்டா போய்ச்சேரும் ஒரு வினாடி

எழுநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு விலங்கைச் சுடலாமா? அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குள் பல வருஷமாக ஓயாமல் நடக்கும் சண்டை இது. உனக்கென்ன அதில் வேலை என்று கேட்கலாம். நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. மலேசியாவில் துப்பாக்கிச் சட்டம் எவ்வளவு கடுமை என்பது எல்லாருக்கும் தெரியும். வேட்டை என்றால் நமக்கு எஸ்டேட்டில் காட்டுப்பன்றி அடித்த பெரியவர்களின் கதைதான். ஆனால் அளவீடும் பிழைக்கணக்குமே சோறு போடும் ஒரு பொறியாளனுக்கு இந்தச் சண்டை அவ்வளவு அந்நியம் இல்லை. ஒரு காரியத்தைத் துல்லியமாகச் செய்ய முடியும் என்பதே, அதைச் செய்வதற்கு அனுமதியாகிவிடுமா?

முதலில் அந்த ரைபிளைப் பார்ப்போம். கொலராடோ, ஐடஹோ, வயோமிங் மாநிலங்களின் மலைச்சரிவுகளில் திரியும் எல்க் மான்தான் இவர்களின் பெரிய இலக்கு. வளர்ந்த ஆண் எல்க் சாதாரணமாக 300 கிலோ தேறும். அதற்கேற்ற தோட்டாவாக, 1963-ல் வந்த பாயிண்ட் 300 வின்செஸ்டர் மேக்னத்தை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 870 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பும்.

அதைத் தொலைதூரத்துக்குத் தயார் செய்வது ஒரு தவம் மாதிரி. குழல் மரக்கட்டையில் எங்கேயும் உரசக்கூடாது. இடையில் ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள். துப்பாக்கியின் உடல் கட்டைக்குள் இம்மியும் ஆடாமல் உட்கார எப்பாக்ஸி ஊற்றிப் படுகை அமைப்பார்கள். ஸ்கோப்பின் திருகுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குவார்கள். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தைப் போலக் குட்டியாக ஒன்று ஸ்கோப் மேல் உட்கார்ந்திருக்கும். எதற்கு என்றால், ரைபிள் வெறும் மூன்று பாகை பக்கவாட்டில் சாய்ந்தாலே 700 மீட்டரில் தோட்டா ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் விலகிவிடும். அப்புறம் தோட்டாவின் வேகத்தை அளந்து, வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாவற்றையும் கைப்பேசிச் செயலியில் போட்டு, எத்தனை ‘கிளிக்’ திருப்ப வேண்டும் என்று கணக்கெடுப்பார்கள். நூறு மீட்டருக்குச் சரிசெய்த ரைபிளில், 700 மீட்டரில் தோட்டா மூன்றரை மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும். அதை இவர்கள் ஒரு சாண் வட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. இவ்வளவு ஒழுக்கமாக வேலை செய்யும் ஆட்கள் எந்தத் தொழிலிலும் குறைவு.

எல்க்கின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 40 சென்டிமீட்டர். ரைபிளின் சிதறலோ 20 சென்டிமீட்டர். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

காகிதத்தில் வராத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று காற்று. பள்ளத்தாக்கின் நடுவில் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று புல் அசைவதைப் பார்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். அந்த ஊகம் வினாடிக்கு இரண்டு மீட்டர் தப்பினால், தோட்டா ஒரு அடி தள்ளிப் போகும். நுரையீரலுக்குப் பதில் இரைப்பை.

இன்னொன்று அந்த விலங்கு. அந்தத் தூரத்தைக் கடக்கத் தோட்டாவுக்கு ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். மேய்ந்துகொண்டிருக்கும் எல்க், விசை அழுத்தப்பட்ட பிறகு, தோட்டா வந்துசேர்வதற்கு முன்னால், ஒரு எட்டு எடுத்து வைக்கலாம். வெடிச்சத்தம் அதன் காதுக்கு வர இரண்டு வினாடி. ரைபிளை எவ்வளவு செலவு செய்து செப்பனிட்டாலும் அந்த ஒரு வினாடியைச் செப்பனிட முடியாது. அது வேட்டைக்காரனுடைய வினாடி இல்லை, எல்க்குடையது.

வயிற்றில் அடிபட்ட எல்க் உடனே விழாது. ஓடி, எங்கேயாவது புதரில் படுத்து, பல மணி நேரம் கழித்துச் சாகும். சுட்டவன் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறி அந்த இடத்துக்கு வந்தால், எதிர்ச்சரிவிலிருந்து பார்த்த இடம் இதுதானா என்றே குழம்பும். ரத்தத்துளி கிடைத்தால் உண்டு.

என் வேலையில் டாலரன்ஸ் தீர்மானிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியும் என்பது அல்ல. தப்பினால் யார் தலையில் விடியும் என்பதுதான். பேனா மூடிக்கு ஒரு டாலரன்ஸ், கார் பிரேக்குக்கு வேறொன்று. இலக்குப் பலகையில் பத்துக்கு ஒன்பது பட்டால் அது நல்ல மதிப்பெண். மலையில் அந்தப் பத்தாவது குண்டுக்கு ஓர் உடம்பு இருக்கிறது. பிழையின் செலவைக் கட்டுபவன் சுடுபவன் இல்லையென்றால், ‘என்னால் முடியும்’ என்று அவன் மட்டும் சொல்லிக்கொள்வது எப்படிப் போதும்?

தூரம் இன்னொன்றையும் செய்கிறது. 1870-களில் தோல் வியாபாரத்துக்காக அமெரிக்கக் காட்டெருமைகளைக் கொன்றவர்கள் ஷார்ப்ஸ் போன்ற கனத்த ரைபிள்களோடு தள்ளி உட்கார்ந்து, முன்னால் நடத்திப்போகும் மாட்டை முதலில் வீழ்த்துவார்கள். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் மந்தை அங்கேயே நிற்கும். ஒவ்வொன்றாகச் சுடலாம். பல கோடியாக இருந்த காட்டெருமைகள் 1880-களின் முடிவில் சில நூறாகிவிட்டன. அந்தக் காலத்தில்தான், 1887-ல், பின்னாளில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று பூன் அண்ட் க்ரொக்கெட் சங்கத்தைத் தொடங்கினார். விலங்குக்குத் தப்பிக்க ஒரு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. தன் புலன்களால் ஆபத்தை உணரும் வாய்ப்பையே விலங்கிடமிருந்து தொலைதூரச் சுடுதல் பறிக்கிறது என்று அந்தச் சங்கம் இன்றும் சொல்கிறது. ஐடஹோவில் ஸ்கோப், வார் எல்லாம் சேர்த்து 16 பவுண்டுக்கு மேல் கனக்கும் துப்பாக்கியால் வேட்டையாடக்கூடாது என்று விதியே உண்டு.

மறைந்து நின்று கொல்வது என்றதும் நமக்கு வாலி ஞாபகம் வராமல் இருக்காது. பட்டிமன்றங்களில் நாம் அடித்துத் துவைத்த கேள்வி. வால்மீகியில் ராமன் சொல்லும் பதில்களில் ஒன்று நேராக வேட்டையைப் பற்றியது: மனிதர்கள் மறைந்திருந்தும் கண்ணி வைத்தும் விலங்குகளைக் கொல்கிறார்கள், அதில் குற்றமில்லை, நீயோ குரங்கு. அந்த நியாயம் நிற்குமா விழுமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வாலிக்கு ‘ஏன் மறைந்து நின்றாய்’ என்று கேட்க வாய் இருந்தது. எல்க்குக்கு இல்லை. அதனால் அந்தக் கேள்வியையும் ரைபிள் வைத்திருப்பவனே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதிர்வாதங்கள் லேசானவை அல்ல. நான் சாப்பிடும் கோழி கூண்டைத் தவிர எதையும் பார்த்ததில்லை. எல்க் மலையில் சுதந்திரமாக வாழ்ந்து சாகிறது. ஆகவே ‘வேட்டையே பாவம்’ என்று சொல்லும் யோக்கியதை எனக்கில்லை, சொல்லவும் வரவில்லை. ஓநாய் கொல்வது தோட்டாவைவிடக் கொடூரம், அதுவும் உண்மை. ஆனால் ஓநாய் கிட்ட வந்தாக வேண்டும். எல்லாவற்றையும்விடக் கனமான வாதம் இது: வருஷத்துக்கு ஒருமுறை ரைபிளைத் தூசி தட்டி எடுப்பவன் 200 மீட்டரில் காயப்படுத்துவதைவிட, தினமும் பயிற்சி செய்பவன் 500 மீட்டரில் சுத்தமாகக் கொல்வான். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த ரசமட்டம், அந்த எப்பாக்ஸி, அந்தக் கணக்கு எல்லாமே விலங்குக்குச் செலுத்தும் மரியாதைதான்.

ஆனால் அந்த மரியாதையை எங்கே செலவழிக்கிறோம்? 700 மீட்டருக்குத் தயாரான ரைபிள் 250 மீட்டரில் கிட்டத்தட்ட தப்பவே தப்பாது. அங்கே தோட்டா போய்ச்சேர வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. காற்றை இரண்டு மீட்டர் தப்பாக ஊகித்தாலும் சில சென்டிமீட்டர்தான் விலகும். இறைச்சிதான் வேண்டும் என்றால் மீதி 450 மீட்டரை நடந்தோ தவழ்ந்தோ கடக்கலாம். கடக்க முடியாத பள்ளம் குறுக்கே இருந்தால், இன்றைக்கு இல்லை என்று திரும்பலாம். இரண்டும் செய்யாமல் அங்கேயே படுத்துக்கொண்டு சுடுகிறவன், பெரும்பாலும், தூரத்துக்காகவே சுடுகிறான்.

பத்து டன் என்று எழுதிய கிரேன் பத்தரை டன்னில் அறுந்து விழாது. அதற்கு மேலும் தாங்கும்படிதான் கட்டியிருப்பார்கள். அது தெரிந்தும் பன்னிரண்டு டன் ஏற்றுகிறவனைக் கெட்டிக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. மிச்சம் வைத்த அந்தப் பலம் ஓட்டுபவனுடைய திறமைக்கு அல்ல, கீழே நடந்துபோகிறவனுக்கு.