அமானிதத்திற்கு மதம் உண்டா?

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், முகலாயப் படைக்கு அஞ்சி, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் உற்சவர் சிலையை உடையார்பாளையத்திற்கு மறைத்துக் கொண்டு போனார்கள். அவர்கள் அஞ்சியது ஒரு முஸ்லிம் அரசின் படைக்கு. இதை நாம் மழுப்ப வேண்டியதில்லை. ஆபத்து நீங்கிய பின் பாளையக்காரர் சிலையைத் தர மனமில்லாதிருந்தார். 1710-இல் படையுடன் சென்று அதை மீட்டுக் கொடுத்தவர் ராஜா தோடர்மால். ஆற்காடு நவாப் சஆதத்துல்லாஹ் கானிடம் பணி புரிந்த இந்துத் தளபதி அவர். கோயில் கல்வெட்டிலும் அவர் பெயர் இருக்கிறது.

சிலை வணக்கத்தை ஏற்காத நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். வணக்கம் வேறு, அமானிதம் வேறு. காப்பதற்காக ஒப்படைத்த பொருள் உரியவரிடம் திரும்ப வேண்டுமா என்பதே இங்குள்ள கேள்வி. 622-இல் ஹிஜ்ரத் புறப்பட்ட நபி (ஸல்) அவர்கள், தம்மிடமிருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே விட்டுச் சென்றார்கள். அவை யாருடையவை? தம்மை ஊரைவிட்டே விரட்டிய அந்த மக்காவாசிகளுடையவை!

காஞ்சியில் முதலாளி எடை போட்டுக் கொடுக்கும் பட்டும் சரிகையும் இன்றும் நெசவாளர் வீட்டில்தான் இருக்கின்றன. சேலையை அறுத்தபின் மிஞ்சிய சரிகையைத் திருப்பித் தருமுன், அவர் முதலாளியின் மதத்தையா விசாரிக்கிறார்?