ஆடை கழன்றால் ஆணவம் கழலுமா?

“ஐயா, அந்நாட்டு அமைச்சரும் அப்படித்தான் அமர்வாரா?”

பின்லாந்து நாட்டின் பொதுக் குளியலகங்களைப் பற்றி வகுப்பிலே கூறிக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, சிந்திக்கலானோம்.

தம்பெரே நகரத்துப் பிஸ்பாலா, தொழிலாளர் குடியிருந்த பகுதி. வீட்டிலே குளிக்க வசதியற்றோர் வந்து குளிக்க, 1906ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்ட சவுனா என்னும் நீராவிக் குளியலகம் இன்றும் இயங்குகிறது. அடுப்பின்மேல் கற்கள் கனன்றிருக்கும், அகப்பையால் நீரை மொண்டு அவற்றின்மீது வார்ப்பர், ஆவி எழும். எண்பது, தொண்ணூறு பாகை வெப்பம்! படிப்படியாய் மரப்பலகைகள். மேற்படியில் வெப்பம் மிகுதி. ஆனால் மேற்படி இன்ன குலத்தாருக்கு என்று எந்த ஏட்டிலும் எழுதிவைக்கவில்லை. தாங்குபவர் ஏறலாம், தாளாதவர் இறங்கலாம். ஏரிக்கரையிலுள்ள குளியலகங்களில், உடல் கொதித்தபின், உறைந்த ஏரியின் பனிக்கட்டியை அறுத்த துளைக்குள் இறங்குவர். தண்ணீர் பட்டதும் மூச்சுத் திணறும். முதலாளிக்கும் திணறும், மூட்டை தூக்குபவனுக்கும் திணறும்!

பட்டமில்லை, பதக்கமில்லை, பட்டாடையில்லை. இதோ சமத்துவம் என்று கூவத் தோன்றுகிறதன்றோ? பொறுங்கள் தோழர்களே! வரலாற்றையும் ஒரு சொல் கேட்போம்.

பண்ணை வீட்டாரும் பண்ணையாளும் ஒரே சவுனாவில் குளித்துப் பழகிய நாடு அது. அங்கேதான் 1918ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. செம்படை ஒருபுறம், வெண்படை மறுபுறம். தம்பெரே நகரமே போர்க்களமாயிற்று. ஒரே ஆவியில் வியர்த்துப் பழகிய மக்கள், ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தினர். குத்தகை உழவருக்குத் தாம் உழுத நிலத்தையே விலைக்கு வாங்கும் உரிமையைத் தந்தது குளியலகப் பலகையா? இல்லை, அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டம்!

இன்னொன்றும் கேளுங்கள். 1960ஆம் ஆண்டு, குடியரசுத் தலைவர் கெக்கோனனின் அறுபதாம் பிறந்தநாளுக்கு வந்த சோவியத் தலைவர் குருசேவ், அவருடன் சவுனாவில் அமர்ந்தார். வல்லரசின் தலைவரும் சிறுநாட்டின் தலைவரும் ஒரே பலகையில்! அழகிய காட்சிதான். ஆனால், ஆண்கள் மட்டும் அமரும் அறையிலே அரசியல் பேசப்பட்டால், பெண்ணின் குரல் எங்கே நிற்கும்? கதவுக்கு வெளியே! பெண்களுக்கு வாக்குரிமையையும் தேர்தலில் நிற்கும் உரிமையையும் 1906ஆம் ஆண்டிலேயே வழங்கிய நாடு அது. நாடாளுமன்றக் கதவு திறந்த பின்னும், ஆவியறைக் கதவு அடைத்தே கிடந்தது.

அப்படியாயின், ஆவியறையால் பயனே இல்லையா? உண்டு. உயர்வும் தாழ்வும் உடம்போடு பிறந்தவை என்போரின் பொய்யை அது உரித்துக் காட்டுகிறது. ஆடையோடு அவிழ்ந்துவிடுவது எப்படிப் பிறவிக் குணமாகும்? இது சான்று. ஆனால் சான்று மட்டுமே தீர்ப்பாகிவிடாது. தீர்ப்பு எழுதப்பட வேண்டிய இடம் வெளியே இருக்கிறது: வயலில், ஆலையில், வாக்குச் சாவடியில், சட்டமன்றத்தில்.

மறுநாள் அம்மாணவனுக்கு விடை கூறினோம்: “அமர்வார், தம்பி. ஆனால் அவர் அமர்ந்திருக்கும்போது அவரை அளக்காதே. எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, வெளியே வரட்டும். பக்கத்தில் அமர்ந்து வியர்த்தவனை அப்போது எப்படி நடத்துகிறார் என்று பார்!”