குளிர்ந்த மட்டை வளையாது



பாஸ்கா காலம் வந்தால் இந்த நாட்டில் ஸ்டான்லி கிண்ணப் போட்டிகளும் கூடவே வந்துவிடும். பனி உருகிய தெருவில் பிள்ளைகள் ஹொக்கி ஆடத் தொடங்குவார்கள். உங்களில் சிலருடைய கராஜில் பழைய மர மட்டையொன்று கிடக்கலாம். அதன் பிளேட்டைத் தன் கைக்கு ஏற்றபடி வளைத்துத் தரச் சொல்லி நச்சரிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருக்கலாம்.

பழகியவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் டேப்பை உரித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் சூட்டில் பசை உருகிக் கையெல்லாம் ஒட்டும். பிறகு கொதிக்கும் கேத்தலின் ஆவியிலோ, ஹீட் கன்னின் காற்றிலோ பிளேட்டின் இரு பக்கத்தையும் மாறி மாறிக் காட்டுவார்கள். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் மேற்பூச்சு கொப்பளிக்கும், ஒட்டுப் பலகைகள் பிரிந்துவிடும். ஆகவே கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மரத்தின் நார் மெல்ல இளகி, கைக்கு இணங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் வளைப்பார்கள். அதுவும் கொஞ்சமாக. மறுபடி சூடாக்கி, இன்னும் கொஞ்சம் வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். இந்த வேலையில் வளைப்பதற்கு ஆகும் நேரம் சொற்பம். பொறுமையெல்லாம் சூடாக்குவதற்குத்தான் வேண்டும். பொறுமையில்லாதவர் குளிர்ந்த மட்டையைக் கதவிடுக்கில் செருகி மிதிப்பார். 'சடக்' என்று ஒரு சத்தம். அதோடு முடிந்தது.

(பெற்றோரே, இப்போது கடையில் விற்கும் கார்பன் மட்டைகளில் இதைச் செய்து பார்க்காதீர்கள். அவற்றின் பிசின் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான், சூடாக்கினால் வலுவிழந்துவிடும். அவற்றின் விலை உங்களுக்கே தெரியும்.)

இப்போது ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாரைக் குளிர வைத்தபடியே வளைக்கப் பார்க்கிறீர்கள்? இரண்டு வேலை முடித்துக் களைத்து வரும் தகப்பன், சப்பாத்தைக் கழற்றுமுன் மகனிடம் கேட்பது மார்க்ஸ் பற்றித்தான். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட மகளோடு தாய் பேசும் ஒரே பேச்சு, அவள் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்பதுதான். கேட்பது நியாயமான கேள்விதான். அன்பில்லாமல் கேட்கிறீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கடைசியாக உங்கள் அருகில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது?

சற்றுமுன் வாசிக்கக் கேட்ட நற்செய்திக்கு வாருங்கள். பேதுரு மூன்று முறை ஆண்டவரை மறுதலித்தது ஒரு கரி நெருப்பருகே. தலைமைக்குருவின் முற்றத்தில், குளிர் காய்ந்துகொண்டு நின்றபோது. இன்று திபேரியாக் கடற்கரையில் இன்னொரு கரி நெருப்பு. இதை மூட்டி வைத்திருப்பவர் உயிர்த்த ஆண்டவர். இரவு முழுவதும் வலை வீசியும் ஒன்றும் அகப்படாத மனிதர்கள் அவர்கள். அதிலும் பேதுரு ஈர உடையோடு கரையேறியவர். ஆண்டவர் எடுத்த எடுப்பிலேயே அவரைத் தனியே அழைத்து விசாரிக்கவில்லை. மீனும் அப்பமும் ஆயத்தமாக இருந்தன. எல்லாரையும் சாப்பிட அழைத்தார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. அன்பைப் பற்றித்தான் கேட்டார். மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை பேதுருவுக்கு வலித்தது என்று நற்செய்தியாளர் மறைக்காமல் எழுதுகிறார். வளைவதில் வலி உண்டு. ஆனாலும் அவர் முறியவில்லை.

ஆண்டவர் அங்கே அளவுகோல் எதையும் எடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். 1993ஆம் ஆண்டு ஸ்டான்லி கிண்ண இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் வீரர் மார்ட்டி மக்சோர்லியின் மட்டை விதி மீறி வளைந்திருக்கிறது என்று மொன்றியல் அணியின் பயிற்சியாளர் அளக்கச் சொன்னார். அரை அங்குலத்துக்கு மேல் வளையக் கூடாது என்பது அன்றைய விதி. அளந்தார்கள், அவர் சொன்னது சரியாகவே இருந்தது. தோற்றுக்கொண்டிருந்த மொன்றியல் அந்த ஆட்டத்தை வென்றது, பிறகு கிண்ணத்தையும் வென்றது. விளையாட்டில் அது சாமர்த்தியம். குடும்பத்தில் ஒருவர் கோணியதை மற்றவர் அளந்துகொண்டே இருந்தால் அங்கே யாருக்கு வெற்றி?

மட்டை வளைப்பதைப் புகழ்பெறச் செய்தவர்களில் ஒருவர் சிகாகோ அணியின் ஸ்டான் மிகிட்டா. 1960களின் தொடக்கத்தில், பயிற்சியின்போது அவருடைய மட்டை பிளந்து கோணிப்போனது. எரிச்சலில் அதைக் கொண்டே அடித்தபோது பக் வழக்கத்துக்கு மாறாகப் பறந்தது. பிறகு அவரும் பொபி ஹல்லும் மட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, கதவடியில் செருகி வளைக்கத் தொடங்கினார்கள். வேறு சிலரும் அந்நாளில் இதை முயன்றதுண்டு. ஆனால் எனக்கு அந்த மனிதரின் கதைதான் பெரிதாகப் படுகிறது. 1940இல் ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். எட்டு வயதில் பெற்றோரைப் பிரிந்து, உறவினரோடு ஒன்டாரியோவின் செயின்ட் கேத்தரின்ஸுக்கு வந்தார். மொழி தெரியாது, அகதி என்ற கேலி வேறு. இங்கே அமர்ந்திருக்கும் பலருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை சண்டைக்காரராக வளர்ந்தார். 1964-65 பருவத்தில் மட்டும் அவர் வாங்கிய தண்டனை 154 நிமிடங்கள். ஒரு நாள் அவருடைய சின்ன மகள் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அப்பா ஏன் மற்றவர்களோடு இல்லாமல் எதிர்ப்பக்கத்தில் தனியாக இருந்தார் என்று கேட்டாளாம். பயிற்சியாளர்களும் நடுவர்களும் சொல்லி நடக்காதது, அந்தக் குழந்தையின் கேள்வியால் நடந்தது. 1966-67இல் அவருடைய தண்டனை வெறும் 12 நிமிடங்கள். நற்பண்புள்ள வீரருக்கான லேடி பைங் விருது அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவருக்கே கிடைத்தது. அந்த மகள் அப்பாவைத் திட்டவில்லை. அவர் பக்கத்தில் இல்லையே என்று தேடினாள், அவ்வளவுதான்.

'என்னை இனி யாராலும் மாற்ற முடியாது, ஃபாதர். நான் இறுகிப்போனவன்' என்று உங்களில் சிலர் மனதுக்குள் சொல்லக்கூடும். கடவுள் கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையாலான இதயத்தைத் தருவதாக எசேக்கியேல் வழியாக வாக்களித்தவர். உங்கள் இறுக்கம் அவருக்குப் புதிதல்ல. வேறு சிலருக்கு வேறு கவலை. மாறினேன், மறுபடி பழையபடி ஆகிவிட்டேன் என்பார்கள். வளைத்த மரம் நாளடைவில் கொஞ்சம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பத்தான் செய்யும். அதற்காக அதை யாரும் அடுப்பில் வைப்பதில்லை. மறுபடி கேத்தலை வைக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்திருப்பேன். போன முறை சொன்ன அதே பாவத்தோடு வருகிறவர்கள் தயங்க வேண்டாம். நானும் என் குருவிடம் அப்படித்தான் போகிறேன். பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திக் கூட்டிவராதீர்கள். அன்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்கள், பிறகு நீங்கள் மட்டும் புறப்பட்டு வாருங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.