எண்ணிக்கை நீதியாகுமா?

கோவை சிங்காநல்லூரில் ஐந்து சென்ட் மனை வாங்க நினைப்பவர் மூலப்பத்திரம் கேட்பார், பட்டா கேட்பார், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்து கிரயமும் முடிந்த பிறகு, தெருவிலுள்ள மற்ற வீட்டார் கூடிக் கை தூக்கி, "இந்த மனை எங்களுக்குத் தேவைப்படுகிறது, நீங்கள் வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தீர்மானம் போட்டால் அதை யாரும் ஏற்க மாட்டார்கள். முப்பது பேர் கை தூக்கினாலும் முந்நூறு பேர் தூக்கினாலும் அடுத்தவர் மண் அடுத்தவர் மண்தான். இது சட்டம் படித்துத் தெரிந்துகொள்ளும் செய்தி இல்லை. நிலத்தின் அருமை தெரிந்த கொங்கு மண்ணில் சிறுபிள்ளைக்கும் தெரிந்தது.

இந்தத் தெளிவு பழங்குடியினரின் நிலத்துக்கு வரும்போது மட்டும் ஏன் கலங்குகிறது?

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக எல்லையைக் கடந்தால் கேரளத்தின் அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகியோரின் பூர்விக நிலம் அது. சிறுவாணி ஆறு அங்கே பவானியில் கலக்கிறது. அந்தப் பவானிதான் தமிழகத்துக்குள் திரும்பி வந்து பில்லூர் அணையில் தேங்குகிறது. கோவை மாநகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு சிறுவாணி, பில்லூர் ஆகிய இரண்டிலிருந்தும் வருகிறது. ஆகவே அட்டப்பாடியின் நியாயம் கோவைக்காரர்களுக்கு அயலூர் வழக்கு ஆகாது. அங்கே போய்க் குடியேறியவர்களில் மலையாளிகளோடு கொங்குப் பகுதியிலிருந்து சென்றவர்களும் உண்டு என்பதால், இந்தக் கணக்கில் இப்பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது.

1951இல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். அரை நூற்றாண்டுக்குள் அவர்கள் பாதிக்கும் கீழே போனார்கள். ஆள்தொகையோடு நிலமும் மாறியது. சிறு கடனுக்கு ஈடாகவும், வாய்மொழிக் குத்தகையாகவும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் வைத்த கைநாட்டாலும் காடுகள் கைமாறின. இதைச் சரிசெய்யக் கேரளச் சட்டமன்றம் 1975இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: பழங்குடியினரிடமிருந்து போன நிலம் அவர்களுக்கே திரும்ப வேண்டும். ஆனால் அதற்கான விதிகளை எழுதவே 1986 வரை ஆனது. 1993இல் உயர் நீதிமன்றம் கெடு வைத்து, சட்டத்தை நிறைவேற்றச் சொன்னது. நிலத்தைத் திருப்பித் தரும் வேளை வந்தபோது, 1996இல் அதே சட்டமன்றம் சட்டத்தையே திருத்த முனைந்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடே அன்று இல்லை. எதிர்த்தவர் ஒரே ஒருவர்: 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் வருவாய்த் துறையை ஏற்றிருந்த கே.ஆர். கௌரி அம்மா. அந்தத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆகவே 1999இல் வேறொரு சட்டம் வந்தது. இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் நிலத்தைத் திருப்பித் தர வேண்டாம். நிலம் இழந்தவருக்கு அரசு வேறிடத்தில் நிலம் தரும் என்றது அது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை ஏற்றுக்கொண்டது.

சட்டப்படி வழக்கு முடிந்தது. அறத்தின் வழக்கு முடிந்ததா?

குடியேறியவர்கள் பக்கம் சொல்லப்படும் நியாயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவர்களில் பலர் ஏழைகள். கையிலிருந்த காசைக் கொடுத்து வாங்கினார்கள். கல்லும் முள்ளுமாகக் கிடந்ததைத் திருத்தி வியர்வை சிந்தினார்கள். அந்த மண்ணில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் அவர்களை இறங்கிப் போகச் சொன்னால் அது இன்னொரு அநீதி ஆகும். இரண்டாவது நியாயம் ஜனநாயகத்தின் பெயரால் வருகிறது: மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஏறத்தாழ ஒருமனதாக முடிவெடுத்தால் அதுதானே மக்கள் கருத்து?

முதல் நியாயம் கனமானது. ஆனால் அது நிரூபிப்பது ஒன்றைத்தான்: குடியேறியவருக்கு இழப்பீடு வேண்டும். கைமாற்றம் நடந்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தது அரசு. சட்டம் போட்டுவிட்டுப் பதினோரு ஆண்டு விதி எழுதாமல் இருந்ததும் அரசு. அந்தத் தாமதத்தின் விலையை அரசு கருவூலத்திலிருந்து கொடுக்க வேண்டும். நிலத்தைப் பறிகொடுத்தவரையே அந்த விலையையும் கொடுக்கச் செய்வது நியாயத் தராசில் நிற்காது. வேறிடத்தில் நிலம் தருகிறோம் என்பதும் முழு விடை ஆகாது. முன்னோரைப் புதைத்த இடமும் குலதெய்வம் இருக்கும் இடமும் இருக்கிற மண்ணை இன்னொரு மண்ணால் ஈடுகட்ட முடியுமா என்பதைக் குலதெய்வக் கோயிலுக்கு ஆண்டுதோறும் போய்வரும் கொங்குக் குடும்பங்களே சொல்லட்டும்.

இரண்டாவது நியாயமோ அடிப்படையிலேயே பிழை. வரி எவ்வளவு, சாலை எங்கே, பள்ளி எப்படி என்பவற்றை எண்ணிக்கை தீர்மானிக்கலாம். பிறருடைய உடைமையை எண்ணிக்கை தீர்மானிக்க முடியாது. கேரளத்திலும் தமிழகத்திலும் பழங்குடியினர் நூற்றுக்கு ஓரிருவர்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் அவர்கள் 1.1 விழுக்காடு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மாநில அளவில் அவர்கள் எந்தக் காலத்திலும் வெல்லப்போவதில்லை. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை இதற்காகத்தான் பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. தமிழகத்திலும் கேரளத்திலும் ஒரு பகுதிகூட அதில் சேர்க்கப்படவில்லை.

கொங்கு உழவர்களுக்கு இந்த வாதம் புதிதன்று. கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட ஏழு மாவட்டங்களின் வயல்கள் வழியாகப் போகும் என்றபோது அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நாட்டுக்கு நன்மை என்றால், எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் காட்டைத் தோண்டலாமா? 2016இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. அதனால் கேள்வி பொய்யாகிவிடவில்லை. தன் காட்டுக்குக் கேட்ட நியாயத்தை மலையிலிருப்பவனின் காட்டுக்கும் கேட்பவனே நியாயவான்.

உலகமும் இந்தக் கேள்வியில் தடுமாறுகிறது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடியினரின் குரலுக்கு அரசியலமைப்பில் இடம் தரலாமா என்று 2023 அக்டோபர் 14 அன்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லாத மக்களின் குரலுக்கு, மற்றவர்கள் விடை சொன்னார்கள். இதற்கு நேர்மாறாக ஒடிசாவின் நியம்கிரியில், மலையில் சுரங்கம் வெட்டலாமா என்பதை அந்த மலையில் வாழ்பவர்களே முடிவு செய்யட்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. அங்கேயும் மக்கள் கருத்துத்தான் கேட்கப்பட்டது. யாரிடம் கேட்பது என்பதில்தான் அறம் இருந்தது.

கேரளத்தைச் சுட்டிவிட்டுத் தமிழகம் தப்பித்துக்கொள்ள முடியாது. காடு வாழ் மக்களுக்கு நேர்ந்ததை 'வரலாற்று அநீதி' என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். தமிழகத்தில் அந்தச் சட்டப்படி உரிமைப் பத்திரம் கொடுப்பது 2008இல் ஒரு நீதிமன்ற இடைக்கால ஆணையால் நின்றது. 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. கோவை மாவட்டத்திலேயே, 2019 மழையில் நிலம் சரிந்து வீடிழந்த வால்பாறை மலையின் கல்லார் குடியிருப்பைச் சேர்ந்த காடர் பழங்குடியினர், தெப்பக்குளமேட்டில் தங்களுக்கு இடம் கேட்டு நெடுநாள் போராடித்தான் அதைப் பெற்றார்கள். அதே 2019 பிப்ரவரியில் உரிமை மறுக்கப்பட்டவர்களைக் காட்டைவிட்டு வெளியேற்றச் சொன்ன உச்ச நீதிமன்றமே, இரண்டு வாரம் கழித்து அந்த ஆணையை நிறுத்தி வைத்தது. நீதிமன்றமும் சட்டமன்றமும் காற்றடிக்கும் பக்கம் சாயக்கூடியவை. மக்களின் மனசாட்சிதான் அவற்றுக்கு ஊன்றுகோல்.

அரசியலமைப்பு என்பது பெரும்பான்மை, தன் பலத்தை அறிந்து, தன் கையைத் தானே கட்டிக்கொள்வது. அந்தக் கட்டை அவிழ்க்கும் உரிமை எண்ணிக்கைக்குக் கிடையாது.

அடுத்த தேர்தலில் சிங்காநல்லூர் வீதிகளில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் குடிநீர் எப்போது வரும் என்று கேட்பவர்கள், அந்தத் தண்ணீர் வரும் மலையில் நிலுவையில் கிடக்கும் வன உரிமை மனுக்களுக்கு எப்போது பத்திரம் வரும் என்றும் கேட்க வேண்டும். மலை மக்களிடம் அதைக் கேட்டு வெல்லும் அளவுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு நம்மிடம் இருக்கிறது.