தொட்டியில் வளர்ந்த முதலை மீன்

கிள்ளையில் நண்பன் வீட்டு ஹாலில் நாலடித் தொட்டி. உள்ளே அலிகேட்டர் கார், முதலை வாய் கொண்ட அமெரிக்க மீன். சென்னை கொளத்தூரில் வாங்கும்போது விரல் நீளம்தான். இப்போது திரும்ப இடமில்லை. (ஆறடிக்கு மேல் வளரும் என்று விற்றவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.)

"பாவம்டா, பிச்சாவரம் வாய்க்கால்ல விட்டுடலாமா? ஒண்ணுதானே."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இது உப்புத்தண்ணீரையும் தாங்கும், பல பத்தாண்டுகள் வாழும். 2023-இல் காஷ்மீர் தால் ஏரியிலேயே ஒன்று அகப்பட்டது. அதை விட்டவரும் 'ஒண்ணுதானே' என்றுதான் நினைத்திருப்பார். இங்கே விட்டால் மடவையும் இறாலும் அதற்குத் தீனி. அந்த இறாலைத்தான் சுரபுன்னைக் காட்டுச் சேற்றில் இருளர்கள் வெறுங்கையால் தடவிப் பிடித்துப் பிழைக்கிறார்கள். நம் மனசு லேசாக, அவர்கள் பறி காலியாகணுமா?

கொன்றுவிடு என்று சொல்லவும் வாய் வரவில்லை. கொன்றால் ஒரு சாவு, கண்ணெதிரே. விட்டால் பல சாவு, எதையும் நாம் பார்க்க மாட்டோம். விடுவது கருணையாகத் தெரிவது அதனால்தானோ என்னவோ.

பின்கட்டில் பெரிய சிமென்ட் தொட்டி கட்டச் சொன்னேன்.

"அதுக்கு எவ்ளோ ஆகும் தெரியுமா?" என்றான்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மணல், செங்கல், மோட்டார், தினமும் தீனி. பாதியில் பேனாவை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தான்.